மெரிமாக் ஆற்றங்கரை நகரம்: லோவெலின் மக்கள் பெருக்கமும் மொழிகளின் வாழ்வும்



இலக்கிய விழாவில் மக்கள்தொகைக் கணக்கு எதற்கு என்னும் ஐயம் அவையோருக்கு எழுதல் இயல்பே. ஆயினும் ஓர் ஊரில் எந்தெந்த மொழி பேசுவோர் எப்போது வந்தனர், எப்படி வாழ்ந்தனர், அவர்தம் பிள்ளைகள் எம்மொழியில் எழுதினர் என்னும் வினாக்கள் இலக்கியத்தின் வினாக்களே. அவ்வினாக்களுக்கு விடை தேடச் சிறந்த களமாக விளங்கும் ஊர்களுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவெல். நியூயார்க்கைப் போன்ற பெருநகரம் அன்று, சிற்றூரும் அன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1,15,554 பேர். இந்த நடுத்தர நகரத்தின் இருநூறாண்டு வரலாற்றில் அந்நாட்டின் குடியேற்ற வரலாறு முழுவதும் சுருங்கி அடங்கியிருக்கிறது எனலாம்.

அருவியும் ஆலையும்

பாஸ்டன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மெரிமாக் ஆறும் கான்கார்டு ஆறும் கலக்கும் இடத்தில் லோவெல் அமைந்துள்ளது. அங்கே மெரிமாக் ஆறு பாடக்கெட் அருவியாக ஏறத்தாழ 32 அடி தாழ இறங்குகிறது. அந்த இறக்கமே அவ்வூரின் முதல் செல்வம். வெள்ளையர் வருமுன் பெனக்குக் எனப்படும் தொல்குடியினர் அவ்வருவியடியில் மீன் பிடித்து வாழ்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் போர்களுக்குப் பின் அவர்தம் தலைவர் வன்னலான்சிட் தம் மக்களுடன் வடக்கே பெயர்ந்தார். பிற்காலத்தில் அவ்வூரின் நெசவாலை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மண்ணுக்குரியவர் அகன்றார், பெயர் மட்டும் செங்கற் சுவரில் நின்றது. இந்நிகழ்ச்சி அவ்வூரில் பின்னரும் பலமுறை வெவ்வேறு வடிவில் நிகழ்ந்தது.

பிரான்சிஸ் கேபட் லோவெல் என்னும் பாஸ்டன் வணிகர் 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் தங்கி, அந்நாட்டு விசைத்தறியின் அமைப்பை மனத்திற் பதித்துக்கொண்டு திரும்பினார். பொறிகளையோ அவற்றின் வரைபடங்களையோ நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப் பிரிட்டன் தடை விதித்திருந்த காலம் அது. 1813இல் தொடங்கிய குழுமத்தின் வாயிலாக, வால்தாம் என்னும் ஊரில் பஞ்சு உள்ளே சென்று துணியாக வெளிவரும் முழு ஆலையை அவர் நிறுவினார். 1817இல் அவர் மறைந்தார். அவருடைய கூட்டாளிகள் 1821இல் பாடக்கெட் அருவியை ஒட்டிய நிலங்களை வாங்கி, 1822இல் மெரிமாக் உற்பத்திக் குழுமத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே துணி வெளிவந்தது. 1826இல் ஊராகப் பிரிக்கப்பட்டபோது அவ்வூருக்கு மறைந்தவரின் பெயர் இடப்பட்டது. அப்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,500 பேர். 1836இல் அது நகரமாயிற்று. 1850ஆம் ஆண்டுக் கணக்கில் 33,383 பேர். இருபத்து நான்கே ஆண்டுகளில் மக்கள்தொகை பதின்மூன்று மடங்கு பெருகியது. பிள்ளைப்பேற்றால் வந்த பெருக்கம் அன்று இது. ஆலை அழைத்ததால் வந்த பெருக்கம்.

ஆலைப் பெண்களின் வட்டம்

முதலில் அழைக்கப்பட்டவர் நியூ இங்கிலாந்துப் பகுதியின் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். 1840இல் அவ்வூர் ஆலைகளில் ஏறத்தாழ 8,000 பேர் வேலை செய்தனர்; அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். குழுமங்கள் நடத்திய விடுதிகளில் அவர்கள் தங்கினர். மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, வாரத்திற்கு எழுபது மணி நேரத்திற்கு மேல் உழைத்தனர். ஆயினும் அவர்கள் எழுத்தறிந்தவர்கள், படிக்க விரும்பியவர்கள். மாலை நேரங்களில் தேவாலயத்தைச் சார்ந்து கூடிய தம் முன்னேற்ற வட்டங்களில் தாம் எழுதிய கட்டுரைகளையும் பாடல்களையும் படித்துக் காட்டினர். அவ்வட்டங்களிலிருந்து 1840இல் பிறந்த இதழே 'லோவெல் ஆஃபரிங்'. அதில் எழுதியவர் அனைவரும் ஆலைப் பெண்கள். பின்னர் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஹாரியட் ஃபார்லியும் ஆலையில் உழைத்தவரே. 1842இல் அமெரிக்கா வந்த சார்லஸ் டிக்கன்ஸ் லோவெலைப் பார்வையிட்டு, அவ்விதழைப் படித்துத் தம் பயண நூலில் பாராட்டினார்.

அவ்விதழில் எழுதியவர்களுள் லூசி லார்கம் குறிப்பிடத்தக்கவர். தந்தை இறந்தபின் தாய் லோவெலில் விடுதி நடத்த வந்தார். லூசி பதினோரு வயதளவில் ஆலையிற் சேர்ந்து, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டும் வேலை பார்த்தார். ஆலைக்குள் நூல் கொண்டுவரத் தடை இருந்தது. எனவே செய்தித்தாள்களில் வந்த கவிதைகளை வெட்டி, தாம் வேலை செய்த இடத்துச் சாளரத்தின் ஓரத்தில் ஒட்டிவைத்துப் படித்தார். பின்னாளில் அவர் கவிஞராகவும் ஆசிரியராகவும் பெயர் பெற்றார். தம் இளமை வரலாற்றை 1889இல் நூலாக வெளியிட்டார்.

இவ்விடத்தில் இலக்கிய வட்டத்தார் கருதத்தக்க வழக்கு ஒன்று உண்டு. 1834இலும் 1836இலும் அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். முன்னது கூலிக் குறைப்பை எதிர்த்து; பின்னது விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து. சேரா பேக்லி என்னும் ஆலைப் பெண் மகளிர் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமை ஏற்று, பத்து மணி நேர வேலைக்காகப் போராடினார். ஆலை முதலாளிகளைக் குறைகூறிய தம் கட்டுரைகளை 'ஆஃபரிங்' ஏற்க மறுத்தது என்று 1845இல் அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். ஃபார்லி அதனை மறுத்தார். உழைப்பவரும் எழுத வல்லவர் என்று உலகுக்குக் காட்டுவதே இதழின் பணி என்பது ஒரு தரப்பு. உழைப்பவர் எழுதும் இதழில் உழைப்பின் துயர் இல்லையேல் அவ்விதழ் முதலாளிக்கு அணிகலனாகுமே அன்றி வேறில்லை என்பது மறுதரப்பு. அவ்வாண்டின் இறுதியில் இதழ் நின்றது. பத்து மணி நேரச் சட்டமோ மாசச்சூசெட்ஸில் 1874இல்தான் வந்தது. இரு பெண்களுமே எழுத்தின்மேல் அன்பு கொண்டவர்கள். அவ்வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. 

மற்றோர் உண்மையையும் மறைத்தல் தகாது. லோவெலின் தறிகளில் ஓடிய பஞ்சு தென்மாநிலங்களின் அடிமைகள் பறித்த பஞ்சு. அவ்வூரில் நெய்த முரட்டுத்துணியின் ஒரு பகுதி, மீண்டும் அந்த அடிமைகளுக்கே உடையாகத் தெற்கே சென்றது. அத்துணிக்கு 'லோவெல்' என்றே பெயர் வழங்கியது. ஆகவே அந்நகரின் மக்கள்தொகைக் கணக்கில் வாராத ஒரு மக்கள் கூட்டம், அந்நகரை ஒருநாளும் காணாமலே, அதன் செல்வத்தை உருவாக்கியது.

அயர்லாந்தினர் முதல் கிரேக்கர் வரை

அந்நகரின் கால்வாய்களை வெட்டியவர் அயர்லாந்தினர். ஹியூ கம்மிஸ்கி என்பவர் தலைமையில் 1822இல் ஒரு குழுவினர் பாஸ்டன் பக்கமிருந்து நடந்தே வந்தனர். வேலைக்கு வந்தவர்க்கு வீடு கட்டித் தரப்படவில்லை. 'ஏக்கர்' எனப் பெயர் பெற்ற நிலத்தில் குடிசைகள் இட்டு வாழ்ந்தனர். 1831இல் தூய பாட்ரிக் பெயரால் தேவாலயம் எழுப்பினர். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் பரவியபின் அவர்தம் வருகை வெள்ளமாயிற்று. ஆலைக்குள்ளும் மாற்றம் விரைந்தது. ஹாமில்டன் ஆலையின் பதிவேடுகளின்படி, 1836இல் வெளிநாட்டிற் பிறந்த தொழிலாளர் 100க்கு 4 பேருக்கும் குறைவு. 1860இல் 100க்கு 60 பேருக்கும் மேல். கூலி குறையக் குறைய உழவர் வீட்டுப் பெண்கள் ஊர் திரும்பினர். திரும்பிச் செல்ல ஊர் இல்லாதவர் அவ்விடத்தை நிரப்பினர்.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. 1854இல் குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் வெறுத்த கட்சி ஒன்று மாசச்சூசெட்ஸ் மாநில ஆட்சியையே கைப்பற்றியது. ஆயினும் ஒரு தலைமுறை கழிவதற்குள் அயர்லாந்தினரின் பிள்ளைகள் நகராட்சியிலும் காவல்துறையிலும் இடம் பெற்றனர்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் உழவர்கள் குடும்பம் குடும்பமாக இருப்புப்பாதை வழியே வந்தனர். 'சிறு கனடா' என்னும் குடியிருப்பு உருவானது. அங்கே பள்ளி பிரெஞ்சு, தேவாலயம் பிரெஞ்சு, கடை பிரெஞ்சு, செய்தித்தாளும் பிரெஞ்சு. மொழியைக் காத்தால் சமயம் நிலைக்கும், சமயம் நிலைத்தால் இனம் நிலைக்கும் என்பது அவர்தம் கொள்கை. இதுவே பிறர் கண்ணுக்குக் குற்றமாயிற்று. 1881இல் மாநிலத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை, அவர்களைச் சீனரோடு ஒப்பிட்டு, நிலையாகத் தங்காமல் பொருள் ஈட்டிச் செல்ல வந்தவர்கள் என இழித்துரைத்தது. அடுத்த ஆண்டு சீனத் தொழிலாளர் வருகையையே அந்நாட்டரசு தடை செய்தது என்பதை நினைவிற்கொண்டால் அவ்வொப்புமையின் கடுமை விளங்கும்.

1890களிலிருந்து கிரேக்கர் வந்தனர். அயர்லாந்தினர் குடிசையிட்ட ஏக்கர் பகுதியிலேயே காபிக் கடைகளையும், பைசாந்தியப் பாணியிற் குவிமாடத்துடன் ஒரு திருச்சபைக் கோயிலையும் எழுப்பினர். போலந்தினர், போர்த்துக்கேசியர், லித்துவேனியர், ஆர்மீனியர், யூதர் என மேலும் பலர் வந்து சேர்ந்தனர். 1920ஆம் ஆண்டுக் கணக்கில் லோவெலின் மக்கள்தொகை 1,12,759 ஆக உயர்ந்தது. அதன்பின் அவ்வெண்ணிக்கையை மீண்டும் எட்ட அந்நகருக்கு நூறு ஆண்டுகள் ஆயின.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

1920இல் 1,12,759. 1930இல் 1,00,234. 1940இல் 1,01,389. 1950இல் 97,249. 1960இல் 92,107. நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் குறைந்தனர்.

இதற்குக் காரணம் இரண்டு. முதற்காரணம் தொழில். தென்மாநிலங்களிற் பஞ்சு விளையும் இடத்தருகே, குறைந்த கூலியில், புதுப்பொறிகளுடன் ஆலைகள் எழுந்தன. லோவெலின் பழைய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1929இல் தொடங்கிய பெருமந்தத்திற்கு முன்னரே அந்நகருக்கு மந்தம் வந்துவிட்டது. இரண்டாவது காரணம் சட்டம். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பிய மக்களின் வருகையை மிகச் சுருக்கியது; ஆசியர்க்குக் கதவை ஏறத்தாழ முழுதும் அடைத்தது. ஆலை இருந்தபோது ஆள் வந்து நிரம்பிய நகரில், ஆலை சென்றபோது ஆளும் சென்றார். அவ்விடத்தை நிரப்பப் புதியவரும் வரவில்லை.

1960இல் 92,107 ஆக இருந்த தொகை 1970இல் 94,239, 1980இல் 92,418. இருபதாண்டுகளாக எண் அசையவில்லை. ஆனால் எண் அசையாதிருந்தபோதே மக்கள் மாறத் தொடங்கியிருந்தனர். 1950களின் இறுதியிலிருந்து புவெர்ட்டோ ரிக்கோவினர் வந்தனர். எஞ்சியிருந்த சில நெசவாலைகள், தறிகளைப் பழுதுபார்க்கும் திறனுடையோர் உள்ளூரில் கிடைக்காமல், 1960களின் இறுதியில் தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலிருந்து தொழிலாளரை அழைத்தன. நெசவு கற்றுத் தந்த நகரம் நெசவறிந்தவரை வெளியே தேட வேண்டியதாயிற்று. 1965இல் அந்நாட்டரசு பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கிக் கதவை மீண்டும் திறந்தது.

1980க்கும் 1990க்கும் இடையே தொகை 92,418 என்பதிலிருந்து 1,03,439 ஆக உயர்ந்தது. பத்தாண்டில் 11,021 பேர் மிகுந்தனர். இப்பெருக்கத்திற்குப் பெருங்காரணமானவர் கம்போடியர்.

மீகாங்கிலிருந்து மெரிமாக்கிற்கு

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் கம்போடியாவில் ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் மாண்டனர். ஆசிரியர், துறவியர், கூத்தர், எழுத்தறிந்தோர் ஆகியோர் குறிவைத்து அழிக்கப்பட்டனர். உயிர் பிழைத்தோர் தாய்லாந்து எல்லை முகாம்களை அடைந்தனர். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்களிற் பலர்க்கு வழி திறந்தது. அக்காலத்தில் லோவெலில் வேலையும் இருந்தது. ஷாங்காயிற் பிறந்து 1945இல் அமெரிக்கா வந்த ஆன் வாங் என்பவர் நிறுவிய கணிப்பொறி நிறுவனம், 1970களின் பிற்பகுதியில் லோவெலைத் தலைமையிடமாக்கி வளர்ந்தது. சீனரோடு ஒப்பிடுவதே வசையெனக் கருதப்பட்ட மாநிலத்தில், நூறாண்டு கழித்துச் சீனர் ஒருவர் பல்லாயிரவர்க்குச் சோறிட்டார். நகரில் பெருகியிருந்த மின்னணுப் பொருத்துத் தொழிற்சாலைகளில் மொழி அறியாதவர்க்கும் கைத்திறன் இருந்தால் வேலை கிடைத்தது. ஒருவர் வந்து வேலை பெற்றார். அவர் சொற்கேட்டு உறவினர் வந்தனர். கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் முதலிற் குடியமர்த்தப்பட்டவரும் வந்தனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி லோவெலில் கம்போடிய இனத்தார் 13,000க்கு மேற்பட்டோர். நகர மக்களில் எண்மரில் ஒருவர். கணக்கிற் சேராதவரையும் சேர்த்தால் தொகை இதனினும் மிகும் என்பது அச்சமூகத் தலைவர்களின் கூற்று. கலிபோர்னியாவின் லாங் பீச் நகருக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் கம்போடியர் மிகுந்து வாழும் நகரமாக லோவெல் கருதப்படுகிறது.

வரவேற்பு எப்படி இருந்தது? பழைய கதையே திரும்பியது. 1980களின் நடுவில் பள்ளிகளில் இடமில்லை. கொதிகலன் அறையிலும் நடைக்கூடத்திலும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. 1987இல் தென்கிழக்காசியப் பெற்றோரும் ஸ்பானிய மொழிப் பெற்றோரும் சேர்ந்து நீதிமன்றம் சென்றனர். இரு மொழியார்க்கும் பொதுமொழி இல்லை. கூட்டங்களில் ஒவ்வொரு சொல்லும் மும்மொழியில் பெயர்க்கப்பட வேண்டியிருந்தது. ஆயினும் வழக்கை ஒன்றாகவே நடத்தி, அடுத்த ஆண்டு இணக்கத் தீர்வு கண்டனர். 1989இல் ஆங்கிலமே ஆட்சிமொழி என்னும் கருத்து வாக்கெடுப்புக்கு வந்தபோது நகரின் பெரும்பான்மை அதனை ஆதரித்தது. அவ்வாறு வாக்களித்தோரிற் பலருடைய தாத்தா பாட்டிமார் பிரெஞ்சும் கிரேக்கமும் போலிஷும் பேசியவர்கள் என்பதே இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி. முன் வந்தவர் தம் வருகையை மறந்து பின் வருபவரைத் தடுத்தல் அந்நகரில் ஒவ்வொரு தலைமுறையிலும் நிகழ்ந்தது.

அதே நகரில் வேறு வகை நினைவும் இருந்தது. கிரேக்கக் குடியேறிகளின் வழிவந்து லோவெலிற் பிறந்த பால் சாங்கஸ், பழைய ஆலைகளையும் கால்வாய்களையும் இடித்துத் தூர்க்காமல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க உழைத்தார். 1978இல் அது சட்டமாயிற்று. பூட் ஆலையின் தறிக்கூடத்தில் இன்றும் பழைய தறிகள் ஓடுகின்றன; பேரிரைச்சலால் காண வருவோர்க்குக் காதடைப்பான் தரப்படுகிறது. அந்த இரைச்சலுக்குள் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே லூசி லார்கம் போன்றோர் மனத்துள் வரிகளைக் கோத்தனர் என்பதை எந்த நூலும் உணர்த்தாத அளவுக்கு அது உணர்த்தும்.

1999இல் ரித்தி உவாங் என்பவர் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அமெரிக்காவில் நகர மன்றம் புகுந்த முதற் கம்போடியர் அவரே. ஆயினும் நகர் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்த தேர்தல் முறையால் சிறுபான்மையினர் வெல்வது அரிதாகவே இருந்தது. 2017இல் ஆசிய, ஸ்பானிய மொழி வாக்காளர் வழக்குத் தொடுத்தனர். 2019இல் தீர்வு ஏற்பட்டது. வட்டத் தொகுதிகள் அமைந்தபின் 2021இல் நடந்த தேர்தலில் கம்போடிய இனத்தார் மூவர் வென்றனர். 2022 ஜனவரியில் அவர்களுள் ஒருவராகிய சோக்கரி சாவ், அந்நாட்டின் முதற் கம்போடிய இன மேயராகப் பொறுப்பேற்றார். பள்ளி வழக்கு நடந்த காலத்துக் குழந்தைகள் அதற்குள் நடுவயதை அடைந்திருந்தனர்.

2010இல் நகர மக்களில் ஸ்பானிய மரபு சாராத வெள்ளையர் 100க்கு 53 அளவு, ஆசியர் 20, ஸ்பானிய மரபினர் 17, கறுப்பர் 7 அளவு. ஆசியருள் இந்தியர் நகர மக்களில் 100க்கு 2 அளவினர். 2020இல் வெள்ளையர் பாதிக்கும் கீழே வந்தனர். அவ்வாண்டில்தான் நகரின் தொகை 1920ஆம் ஆண்டின் உச்சத்தைத் தாண்டியது. கம்போடியரோடு வியத்நாமியர், லாவோசியர், பிரேசிலியர், டொமினிக்கர் ஆகியோரும், லைபீரியா, கென்யா, கானா முதலிய ஆப்பிரிக்க நாட்டினரும் அதற்குக் காரணமாயினர்.

மூன்றாம் தலைமுறையின் மொழி

இனி, கவிஞர்க்கு உரிய பகுதிக்கு வருதல் தகும். சிறு கனடாவின் பிரெஞ்சு என்ன ஆயிற்று? 1922இல் லோவெலில், கியூபெக்கிலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்தார் ஜாக் கெரூவாக். தந்தை அச்சகத் தொழிலர். வீட்டு மொழி பிரெஞ்சு; ஆறு வயதளவில்தான் அவர் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். 1950இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் லோவெல் வேறு பெயரில் வருகிறது. 1957இல் வெளியான 'ஆன் த ரோடு' அவரை உலகறியச் செய்தது. அதன் புகழ்பெற்ற படியை எழுதுவதற்குச் சற்று முன்னர், 1951இன் தொடக்கத்தில், அவர் தம் தாய்மொழியாகிய அப்பேச்சுப் பிரெஞ்சில் எழுதிப் பார்த்திருந்தார். அப்பிரெஞ்சு எழுத்துகள் அவர் இறந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் முழுமையாக நூலாயின. அவர் உயிரோடிருந்தபோதே, 1960களில், சிறு கனடாக் குடியிருப்பு நகரப் புதுப்பிப்பின் பெயரால் இடிக்கப்பட்டது. பிரெஞ்சுச் செய்தித்தாள் மறைந்தது. பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறின. உள்ளம் பிரெஞ்சில் எழுதிய ஒருவர் ஆங்கில இலக்கியத்தின் செல்வமானார். அவர் பிறந்த தெருவின் மொழியோ ஆங்கிலத்துள் கரைந்தது. இது வெற்றியா, இழப்பா? ஆங்கில வாசகர் வெற்றி என்பர். அவருடைய தாய்க்கு அந்நூல்களில் எத்தனை எட்டியிருக்கும் என்று எண்ணுவோர்க்கு விடை அவ்வளவு எளிதன்று.

அதே வினா இப்போது கெமர் மொழிக்கு முன் நிற்கிறது. லோவெலின் கடைப் பலகைகளிலும் பௌத்த கோயில்களிலும் கெமர் எழுத்தைக் காணலாம். அவ்வெழுத்தின் மூலம் தமிழ்ப் புலவர்க்கு அயலன்று. காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்தில் தென்னாட்டிலிருந்து கடல்கடந்து சென்ற எழுத்தே கெமர் எழுத்துக்குத் தாய். காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டினது. அவ்வெழுத்து தமிழ் எழுத்து அன்று. தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்தத்தோடு உடன்பிறந்தது. பாலாற்றங்கரையிலிருந்து மீகாங் கரைக்குச் சென்று பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எழுத்து, ஓர் ஆட்சியின் கொடுமையால் ஆசிரியரை இழந்து, அகதிகளின் மடியில் மெரிமாக் கரையை அடைந்திருக்கிறது. பாட்டி அவ்வெழுத்தைப் படிப்பார், மகள் பேசுவார், பேரன் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் விடை சொல்வான். புலம்பெயர்ந்த வீடுகளிற் பெரும்பாலும் காணப்படும் வரிசை இதுவே.

ஆயினும் எல்லாம் இழப்பென்று முடிப்பதும் உண்மை ஆகாது. 1986இல் லோவெலில் அங்கோர் நடனக் குழு தொடங்கப்பட்டது. செவ்வியல் ஆடற்கலைஞருட் பெரும்பாலோர் மடிந்துபோன ஒரு மரபை, எஞ்சிய சிலர் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இராமகாதையின் கெமர் வடிவமாகிய 'ரியாம்கேர்' வழிவந்த குரங்காட்டத்தை அந்நகரின் இளைஞர் ஆடினர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2004இல் வெளிவந்தது. 1997 முதல் மெரிமாக் ஆற்றில் தென்கிழக்காசியர் நீர்த்திருவிழா எடுத்து, நீண்ட படகுகளை ஓட்டினர். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றவே பயன்பட்டு வந்த ஆற்றுக்கு நன்றி கூறி வணங்கும் வழக்கம், பெனக்குக் மக்கள் அகன்றபின் மீண்டும் அக்கரைக்கு வந்தது எனலாம்.

வட்டத்தின் கடன்

லோவெலின் வரலாறு இலக்கிய வட்டங்களுக்குச் சொல்லும் செய்திகள் இரண்டு.

ஒன்று, எழுதி வைக்கப்படாத மக்கள் எண்ணாக மட்டுமே எஞ்சுவர். கால்வாய் வெட்டிய அயர்லாந்தினர் முதல் தலைமுறையில் தமக்கென இதழ் நடத்தவில்லை. அவர்தம் வாழ்வைப் பிறர் எழுதிய குறிப்புகளால் அறிகிறோம். ஆலைப் பெண்களோ ஐந்தாண்டுகளே தம் இதழை நடத்தினர். அதனால் அவர்தம் ஏக்கமும் எள்ளலும் தாயகத்துக் கொல்லைப்புற நினைவும் இன்றும் நம் கைக்கு எட்டுகின்றன. அவ்விதழின் பக்கங்களில் உள்ள கவிதைகள் எல்லாம் உயர்ந்தவை அல்ல. ஆனால் அவை இல்லையேல், மணியோசைக்கு எழுந்த அப்பெண்கள் ஊதியப் பதிவேட்டின் வரிசை எண்களாகவே இருந்திருப்பர்.

மற்றொன்று, சேரா பேக்லி எழுப்பிய வினா. ஒரு வட்டம் தன் மொழியின் அழகை மட்டும் காத்துக்கொண்டு, அம்மொழி பேசுவோரின் கூலியையும் குடியிருப்பையும் பற்றி வாய் திறவாதிருந்தால், அவ்வட்டத்தின் மொழியும் நெடுநாள் நில்லாது. சிறு கனடாவில் பிரெஞ்சுப் பள்ளி இருந்தது, செய்தித்தாள் இருந்தது. வீடுகள் இடிக்கப்பட்டபோது பேசுவோர் சிதறினர், மொழியும் சிதறியது. மொழி வாழ நூல்கள் வேண்டும். நூல்களுக்கு முன் அம்மொழியில் அண்டை வீட்டாரோடு பேசத் தெருக்கள் வேண்டும்.

பத்தாண்டு என்பது 'லோவெல் ஆஃபரிங்' வாழ்ந்த காலத்தைப் போல் இரு மடங்கு. இவ்வட்டம் அதனைக் கடந்து வந்திருக்கிறது. அடுத்த பத்தாண்டில், எழுதத் தெரிந்தவரின் கவிதைகளோடு, எழுதும் வாய்ப்பில்லாதவரின் சொற்களையும் கேட்டுப் பதிவு செய்யும் பணியை உறுப்பினர்கள் மேற்கொள்வார்களாக. வேலைத்தலத்திலும் சமையற்கட்டிலும் வழங்கும் சொற்கள், பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் கதைகள், ஊர்விட்டு ஊர் வந்தவரின் வழிக்குறிப்புகள் ஆகியவை மலர்களிலும் இதழ்களிலும் இடம் பெறட்டும். அவற்றோடு, வட்டத்தாரை எதிர்த்து எழுதப்படும் கட்டுரைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படட்டும்.